சாயங்கால அழுகை, நெஞ்சுக்குள்ள ஒரு டிக் டிக்

“பாசிட்டிவா இரும்மா. மனசு நல்லா இருந்தா உடம்பு தானா தேறிடும்.”

இதய வால்வு மாத்திட்டு பிள்ளைப்பாக்கத்துக்குத் திரும்பி வந்ததுலேருந்து இதையே கேட்டுக்கிட்டு இருக்கேன். வேலைக்கே போக ஆரம்பிச்சாச்சு, இன்னும் விடல. நேத்துகூட ஒரு அத்தை வந்தாங்க. ஆப்பிள், ஹார்லிக்ஸ், அப்புறம் இந்த வார்த்தை.

பாசமாத்தான் சொல்றாங்க, தெரியும். ஆனா கேட்கக் கேட்க எனக்குக் கோவம் வருது.

ஏன்னா அதைக் கேட்டதும் எனக்குப் புதுசா ஒரு வேலை வந்துடுது. வந்தவங்க முன்னாடி சிரிச்ச முகமா இருக்கணும். முகம் வாடினா “பாரு, நீயே இப்படி இருந்தா எப்படி?”ன்னு அடுத்த கேள்வி. பெரியம்மா ஒருபடி மேல போயி, “அழாதடி, அழுதா தையல் பிரிஞ்சிடும்”னுட்டாங்க. (பிரியாது. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். தாராளமா அழலாம்.)

இதை இப்ப எழுத இன்னொரு காரணமும் இருக்கு. எங்க கம்பெனி அசெம்பிளி லைன்ல ஒரு பொண்ணு. ஊரு திருவண்ணாமலைப் பக்கம், இங்க ஹாஸ்டல்ல தங்கியிருக்கா. அவ அம்மாவுக்கும் எனக்குப் பண்ண அதே மைட்ரல் வால்வு ஆபரேஷன். தேதி குடுத்துட்டாங்க. “அக்கா, அம்மாவ எப்படிக்கா பாசிட்டிவா வச்சுக்கிறது?”ன்னு கேட்டா. டீ பிரேக்ல சொல்லி முடியற விஷயமா இது? அதான் இங்க உக்காந்துட்டேன்.

மொதல்ல அழுகையிலேருந்து ஆரம்பிக்கிறேன் தங்கச்சி.

வீட்டுக்கு வந்த புதுசுல, சாயங்காலம் ஆனா எனக்கு அழுகை வந்துடும். காரணமே இருக்காது. வலி கம்மியா இருக்கும், பசங்க பக்கத்துல விளையாடிக்கிட்டு இருக்கும், டிவியில ஏதோ ஓடும். கண்ணு பாட்டுக்கு ஊத்தும். ராத்திரி தூக்கம் கிடையாது. தூங்கினா கெட்ட கனவு. அடுப்புல என்ன வச்சேன்னு மறந்து போகும். பேசிக்கிட்டு இருக்கும்போதே வார்த்தை நழுவிடும். எனக்குப் புத்தி கலங்கிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்.

மொதல் செக்கப்புக்குப் போனப்ப ஒரு நர்ஸம்மாகிட்ட மெதுவாச் சொன்னேன். அவங்க கொஞ்சங்கூட அசரல. “நெஞ்சு ஆபரேஷன் பண்ணவங்கள்ல நிறைய பேருக்கு இப்படித்தாம்மா இருக்கும். மயக்க மருந்து, இதயத்தை நிறுத்தி மிஷின்ல ரத்தம் ஓடுனது, ஐசியூவுல தூக்கம் கெட்டது, வலி மாத்திரை எல்லாம் சேர்ந்துதான். சில வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா விலகும். விலகலன்னா, இல்ல வாழ்க்கையே வேணாம்னு தோணுச்சுன்னா, ஒரு நிமிஷம் தாமதிக்காம சொல்லணும்”னாங்க.

அவ்ளோதான். ‘தைரியமா இரு’ன்னு அவங்க சொல்லவே இல்ல. ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வரும்போது எனக்கு இருந்த தைரியம் அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. இது வழியில வர்ற ஒரு ஊரு, தாண்டிப் போயிடலாம்னு தெரிஞ்சுபோச்சு.

உங்க அம்மா அழுதா தடுக்காதே. “இது எல்லாருக்கும் வர்றதும்மா, போயிடும்”னு மட்டும் சொல்லு. வாரக்கணக்கா சாப்பிடாம பேசாம படுத்தே கிடந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. போன்ல பேசினாலே போதும்னா 14416ன்னு டெலி மானஸ் நம்பர் இருக்கு. அரசாங்கத்தோடது, காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க.

அடுத்தது எலும்பு.

வேலையில நான் குவாலிட்டி. அளவு பார்க்கிற ரூம்ல உக்காந்து மைக்ரான் கணக்குல பார்ட் செக் பண்றவ. எனக்கு எதையும் ‘ஏன்’னு தெரிஞ்சாத்தான் செய்ய வரும். ஆஸ்பத்திரியில குடுத்த ‘செய்யக்கூடாது’ லிஸ்ட்டைப் பார்த்தப்ப ஜெயில் மாதிரிதான் இருந்துச்சு. காரணத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டப்புறம் அதுமேல கோவமே வரல.

நடு நெஞ்செலும்பை நீளவாக்குல அறுத்துத்தான் உள்ள போறாங்க. வேலை முடிஞ்சதும் ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஸ்டீல் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிடறாங்க. அந்தக் கம்பி உள்ளேயே இருக்கும், சாதாரணமா எடுக்கிறதில்ல. எலும்பு ஒட்ட ஆறுலேருந்து எட்டு வாரம் ஆகும். நல்ல பலம் வர மூணு மாசம்னு வச்சுக்கோ. அதனாலதான் கையை ஊணி எழுந்திரிக்காதே, ஒருக்களிச்சுப் படுத்துக் காலைக் கீழ விட்டு எழுந்திருன்னு சொல்றாங்க. அதனாலதான் வெயிட் தூக்காதேங்கிறாங்க. நம்ம ஏரியாவுல பாதி வீட்டுல இருபது லிட்டர் தண்ணி கேன்தான். அது இருபது கிலோ! உங்க அம்மா பழக்க தோஷத்துல கேனைச் சாய்க்கப் போவாங்க, பார்த்துக்க. குடம், கிரைண்டர் கல், இடுப்புல பேரப்பிள்ளை, எல்லாமே அந்த லிஸ்ட்தான்.

இருமல் வந்தா ஒரு தலகாணிய நெஞ்சோட இறுக்கி அணைச்சுக்கிட்டு இருமணும். நான் அந்தத் தலகாணி இல்லாம ரூமை விட்டு வெளிய வந்ததில்ல. கார்ல போனாலும் மடியில அதான். ஒரகடம் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல போயி வேகத்தடையில ஏறி இறங்கிப் பாரு, தலகாணியோட அருமை தெரியும்.

அப்புறம் மூணு உருண்டை இருக்கிற பிளாஸ்டிக் கருவி ஒண்ணு குடுப்பாங்க. ஸ்பைரோமீட்டர். ஊதறதுக்குன்னு எல்லாரும் நினைச்சுக்கிறாங்க. ஊதக்கூடாது, மூச்சை உள்ள இழுக்கணும். நுரையீரலோட அடிப்பகுதி சுருங்கிப் போயி சளி கட்டாம இருக்கத்தான் அது. ஒரு உருண்டை மேல போச்சு, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு. எங்க சின்னவன் பக்கத்துல நின்னு கத்துவான் பாரு, கிரிக்கெட் மேட்ச்சு தோத்தது. “மனசை நல்லா வச்சுக்கோ”ன்னு நூறு தடவை சொன்னதைவிட அந்த மூணாவது உருண்டை மேல போனது எனக்கு நல்லா வேலை செஞ்சுது.

எனக்குத் தெரிஞ்சு விஷயம் இவ்ளோதான். மனசு தனியா நின்னுக்கிட்டு பாசிட்டிவா இருக்காது. அதுக்கு இன்னிக்குச் செய்ய ஒரு சின்ன வேலை வேணும், அந்த வேலை எதுக்குன்னு தெரியணும், செஞ்சு முடிச்சது கண்ணுக்குத் தெரியணும்.

நடையும் அப்படித்தான். மொதல்ல வாசல் வரைக்கும். அப்புறம் தெருமுனை. ஷிப்ட் பஸ்ஸுங்க வர ஆரம்பிச்சா ரோட்டுல புழுதி, ஹாரன், நடக்கவே முடியாது. அதனால விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவேன், கூட எங்க வீட்டுக்காரர். கொஞ்ச நாள் போனதும் ஏரிக்கரை வரைக்கும் போக முடிஞ்சுது. நடக்கும்போது பேச முடியணும். பேச மூச்சு வாங்கினா வேகத்தைக் குறைன்னு அர்த்தம். இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இப்ப பொம்பளைங்களுக்கு மட்டும் ஒண்ணு. ஆம்பளைங்களும் படிங்க, தப்பில்ல.

தாலிச் சரடு நேரா தையல் மேலதான் வந்து விழும். உரசி உரசி எரியும், வேர்வை வேற. ஆபரேஷனுக்கு முன்னாடியே கழட்டிக் குடுத்துடுவாங்க. வீட்டுக்கு வந்ததும் திரும்பப் போட்டே ஆகணும்னு ஒரு பஞ்சாயத்து நடக்கும். எங்க மாமியார்தான் அதை முடிச்சு வச்சாங்க. “புண்ணு ஆறட்டும், அது வரைக்கும் சாமி படத்துல மாட்டி வை. தாலிய விட உசுரு பெருசு”ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கேன்.

முன்பக்கம் பட்டன் வச்ச காட்டன் நைட்டி நாலு வாங்கி வை. தலை வழியா மாட்டறது மொதல்ல முடியாது. தழும்பு கழுத்துக்குக் கொஞ்சம் கீழேயே ஆரம்பிக்கும், ஜாக்கெட்டுக்கு மேல தெரியும். “அய்யோ, இவ்ளோ பெருசா”ன்னு பார்க்கிறவங்க உச்சுக் கொட்டுவாங்க. எனக்கு அந்தத் தழும்பு மேல வெட்கம் எதுவும் இல்ல. நான் உசுரோட இருக்கேன்கிறதுக்கு அதுதானே சாட்சி. கழுத்து மூடி ஜாக்கெட் தைக்கச் சொல்லி டெய்லர்கிட்ட ஒருத்தங்க சொன்னாங்க, வேணாம்னுட்டேன்.

இப்பதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதிக்கு வர்றேன். வால்வு!

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில ஒரு கார்டு குடுத்தாங்க. உள்ள வச்ச வால்வோட மாடல், சைஸ், சீரியல் நம்பர். குவாலிட்டியில வேலை செய்யறவளுக்கு சீரியல் நம்பரைப் பார்த்தா வர்ற நிம்மதிய எப்படிச் சொல்றது? இது யாரோ அளந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்புன பொருள்.

எனக்கு வச்சது சித்ரா வால்வு. திருவனந்தபுரத்துல ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட் இருக்கில்ல, அங்க உருவானது. அங்க இயக்குநரா இருந்த டாக்டர் எம்.எஸ். வலியத்தான் ஒரு இதய சர்ஜன். வெளிநாட்டு வால்வு விலை நம்ம ஊரு ஏழைங்களுக்குக் கட்டுப்படியாகலன்னு, இங்கயே செய்யணும்னு எழுபதுகளோட கடைசியில இறங்கினாரு. கூட ஜி.எஸ். புவனேஸ்வர்னு ஒரு இன்ஜினியர். (1960ல அமெரிக்காவுல ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு வந்ததும் இப்படித்தான். ஆல்பர்ட் ஸ்டார் சர்ஜன், லோவெல் எட்வர்ட்ஸ் இன்ஜினியர். டாக்டரும் மிஷின்காரரும் சேர்ந்து உக்காந்தாத்தான் இதெல்லாம் நடக்கும் போல.)

மொதல் மாடல்ல வெல்டிங் பண்ண இடம் உடைஞ்சுது. ரெண்டாவதுல தேய்மானம். மூணாவதுல, திறந்து மூடற தட்டை நீலக்கல் படிகத்துல செஞ்சாங்க. ஆட்டுக்கு வச்சுப் பார்த்தப்ப அந்தத் தட்டு உடைஞ்சு ஆடு செத்துப் போச்சு. அத்தனை வருஷ உழைப்பு. நானா இருந்தா அன்னிக்கு என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சுப் பார்த்திருக்கேன். அவங்க நாலாவது மாடலுக்குப் போனாங்க. கோபால்ட்-குரோமியம் உலோகத்துல வளையம், மூலக்கூறு எடை ரொம்ப அதிகமான ஒருவகை பாலிஎத்திலீன்ல தட்டு, சுத்தித் தைக்கிறதுக்கு பாலியஸ்டர் துணி. அது நின்னுச்சு. 1990 டிசம்பர் 6 அன்னிக்கு மொதல் மொதல்ல ஒரு மனுஷருக்கு வச்சாங்க. இன்னிக்கு லட்சம் பேருக்கு மேல வச்சாச்சு. தயாரிக்கிறது நம்ம சென்னை டிடிகே ஹெல்த்கேர். குக்கர் செய்யற பிரெஸ்டீஜ் இருக்கே, அதே குழுமம்தான். வலியத்தான் 2024 ஜூலையில காலமாயிட்டாரு. அந்தச் செய்திய முன்னாடி எங்கயோ பார்த்துட்டு யாரோன்னு தாண்டிப் போயிருக்கேன். இப்ப அவர் பேரைக் கேட்டாலே கை தானா நெஞ்சுக்குப் போகுது.

நிமிஷத்துக்கு எழுவது துடிப்புன்னு வச்சா ஒரு நாளைக்கு லட்சம் தடவை அந்தத் தட்டு திறந்து மூடணும். வருஷத்துக்கு மூணரைக் கோடிக்கு மேல. இந்த மாதிரி வால்வுங்களுக்கான சர்வதேசத் தரவிதியில 40 கோடி தடவை மிஷின்ல ஓட்டிப் பார்க்கச் சொல்லுது, பத்து வருஷத் துடிப்புக்குச் சமம். எங்க கம்பெனியில பார்ட்டுக்கு எண்டூரன்ஸ் டெஸ்ட் ஓட்டறவங்களைக் கேட்டுப் பாருங்க, 40 கோடின்னா என்னன்னு சொல்லுவாங்க.

ராத்திரி அமைதியா இருந்தா டிக் டிக்னு அதோட சத்தம் கேட்கும். மொத மொத கேட்டப்ப பயம்தான். இப்ப தூங்கறதுக்கு முன்னாடி காது குடுத்துக் கேட்கிறேன்.

நம்ம ஒரகடத்துலயே மருத்துவக் கருவிப் பூங்கா ஒண்ணு வரப்போகுது, 350 ஏக்கர்ல. கார் பார்ட்டும் போனும் செஞ்சு பழகுன கை நம்மூர்ப் பசங்களுக்கு. நாளைக்கு இங்கேருந்தும் ஒரு வால்வு போகணும்னு எனக்குப் பேராசை. போகும், பாருங்க.

சரி, மாத்திரைக்கு வருவோம்.

உலோக வால்வு வச்சா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. வார்ஃபரின், இல்லன்னா அசிட்ரோம். ஒரு சொந்தக்காரர் ‘இது எலி மருந்து, ஜாக்கிரதை’ன்னு குரூப்புல போட்டுட்டாரு. படிச்சுட்டு எங்க அம்மா ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல. விஷயம் உண்மைதான், பாதி உண்மை. அமெரிக்காவுல கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ன மாடுங்க ரத்தம் நிக்காம செத்துச்சு. ஏன்னு ஆராய்ஞ்சாங்க, அதுலேருந்து வந்ததுதான் வார்ஃபரின். 1948ல எலி மருந்தாத்தான் கடைக்கு வந்துச்சு. 1955ல அவங்க ஜனாதிபதி ஐசனோவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தப்ப அவருக்கே குடுத்தாங்க. அளவு தெரிஞ்சு குடுத்தா மருந்து. அந்த அளவைப் பார்க்கத்தான் ஐஎன்ஆர் டெஸ்ட்டு. எனக்கு 2.5லேருந்து 3.5க்குள்ள இருக்கணும்னு எழுதியிருக்காங்க. குறைஞ்சா வால்வுல ரத்தம் கட்டும், ஏறினா ரத்தக் கசிவு. உங்க அம்மாவுக்கு என்ன அளவுன்னு அவங்க டாக்டர்தான் சொல்லணும், என் நம்பரை எடுத்துக்காதே.

மேல் லிமிட், கீழ் லிமிட், நடுவுல ரீடிங். இதானே நான் தினம் பார்க்கிற பொழப்பு! ஒரு நோட்டுப் போட்டு தேதி, ரீடிங், மாத்திரை அளவு எல்லாம் எழுதி கிராஃப் போட்டு வச்சிருக்கேன். டாக்டர் அதைப் பார்த்துட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாரு.

“கீரையே தொடக்கூடாது”ம்பாங்க. அப்படி இல்ல. கீரையில இருக்கிற வைட்டமின் கே மாத்திரையோட வேலையக் குறைக்கும். அதனால ஒரு வாரம் தினம் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமா இல்லன்னு ஆடக்கூடாது. வாராவாரம் ஒரே அளவா சாப்பிட்டா அதுக்கு ஏத்த மாதிரி மாத்திரைய அவங்க சரி பண்ணிக்குவாங்க. மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடறது, ஊசி போட்டுக்கிறது, நாட்டு மருந்து, எல்லாத்துக்கும் முன்னாடி டாக்டரைக் கேளு. பல்லு பிடுங்கணும்னா வால்வு இருக்குன்னு மொதல்ல சொல்லணும், ஆன்டிபயாடிக் குடுத்துட்டுத்தான் செய்வாங்க. மாதவிடாய்ல ரத்தப்போக்கு அதிகமாச்சுன்னா அடக்கிக்கிட்டு இருக்கக்கூடாது. இதை எந்த ஆம்பளை டாக்டரும் தானாக் கேட்கல, நாமதான் வாயைத் திறக்கணும்.

காசைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வராததுக்குப் பாதிக் காரணம் வீட்டு வாடகையும் பசங்க ஃபீஸும்தான். அதை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தீர்க்காது. தீர்த்தது இஎஸ்ஐ. கணக்கு சரியா இருந்தா வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் நோய்க்காலப் பணமா வரும். அதுக்கு டிஸ்பென்சரியில சர்டிபிகேட் ஒழுங்கா வாங்கணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் இதய ஆபரேஷன் வருது. உங்க அம்மாவுக்கு எது பொருந்தும்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே விசாரிச்சுடு. இஎஸ்ஐ பணம் என் அக்கவுண்ட்ல விழுந்த அன்னிக்கு நான் நிம்மதியாத் தூங்கினேன். யாராவது வால்வு மாத்தினவங்களைப் பார்க்கப் போறீங்கன்னா, அவங்களோட இஎஸ்ஐ ஃபாரத்தை நிரப்பிக் குடுங்க. இல்ல, ரத்த டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. ஒரு குடம் தண்ணி தூக்கி வைங்க.

கடைசியா ஒண்ணு. இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம்.

எனக்கு வால்வு கெட்டது சின்ன வயசுல. தொண்டை வலி, காய்ச்சல், அப்புறம் முட்டி முட்டியா வீக்கம். வளர்ற பிள்ளைக்கு வர்ற வலின்னு விட்டுட்டாங்க. யாரையும் குத்தம் சொல்லல, அன்னிக்கு யாருக்குத் தெரியும்? ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி தொண்டையில வந்து, சரியா மருந்து குடுக்கலன்னா, சில பிள்ளைங்களுக்கு ருமாட்டிக் காய்ச்சலா மாறி இதய வால்வைத் தாக்கும். திரும்பத் திரும்ப வந்தா வால்வு தடிச்சு, ஒட்டி, சுருங்கிடும். நெருக்கடியா வாழற இடத்துலதான் அதிகம். நம்ம ஏரியா லைன் வீடுங்களை நினைச்சுப் பாருங்க, ஒரு ரூம்ல எத்தனை பேரு! பெரியவங்களானப்புறம் மைட்ரல் வால்வு சுருங்கிப் போறது ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்குத்தான் அதிகம்.

தொண்டைக் கிருமியக் கொல்றது பழைய பென்சிலின்தான், விலையும் ரொம்பக் கம்மி. ஒரு தடவை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டு வந்தா, திரும்ப வராம தடுக்கலாம். எத்தனை வருஷம்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு. ஊசி வலிக்கும். நடுவுல விட்டுடத் தோணும். விடாதீங்க.

போன வாரம் எங்க சின்னவனுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். எனக்கு ருமாட்டிக் இருந்ததையும் சொல்லி டாக்டர்கிட்ட காட்டினேன். பார்த்துட்டு, சாதாரண சளிக் காய்ச்சல்தான், மூட்டு வலி ஏதாவது வந்தா உடனே கூட்டிட்டு வாங்கன்னாரு. தினம் ராத்திரி அவன் முட்டியத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் படுக்கிறேன். உங்க வீட்டுலயும் பார்த்துக்கங்க.